பின் சீட்டில் எழுபத்தெட்டு கிலோ

பச்சை ஃபியூஸைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.
முப்பது ஆம்பியர்.
சிவப்பு உட்கார வேண்டிய இடம் அது,
பத்தைத் தாண்டினால் உருகிவிடுகிறேன் என்று
ஒப்புக்கொண்டு வருகிறவனின் இடம்.
இதற்கு முன்னால் என்ன வைத்திருந்தாய் என்றேன்.
ட்சோட்னே தரையைப் பார்த்தான்.
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், கல்பதோனோ.
ஒரே ஒரு ராத்திரிக்குத்தான்.

மார்ச் மாதம். ருஸ்தாவியின் காற்று
ஷட்டரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

கடல் கடந்து வந்த கார்.
அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரின் வெள்ளத்தில்
ஜன்னல் வரை நின்று,
ஏலத்தில் போய், கப்பலேறி,
போத்தி துறைமுகத்தில் இறங்கியது.
விற்றவன் துடைத்திருந்தான்,
எலுமிச்சை வாசனை அடித்திருந்தான்,
தண்ணீர் குடித்த வண்டி என்பதை மட்டும்
சொல்ல மறந்திருந்தான்.
செம்பு மறக்கவில்லை. கனெக்டரைக் கழற்றினால்
முள்ளுக்கு முள் களிம்பு.

பகலில் ஒன்றுமில்லை என்றான்.
இருட்டி, விளக்கைப் போட்டு, சவாரி ஏறினால் போச்சு.
பின்விளக்கு இரண்டும் செத்துவிடும்.
டாஷ்போர்டு அணையும்,
அதில் ஒட்டிய மூன்று புனிதர்களும்
முகமில்லாமல் போவார்கள்.
ஆளை இறக்கிவிட்டுப் புது ஃபியூஸ் போட்டால்
வீடு வரைக்கும் சமத்தாக எரியும்.
கண் பட்டிருக்கிறது என்கிறாளாம் தங்கை.

மூன்று காலை பார்த்தேன்.
மீட்டர் குறை சொல்லவில்லை.
ஒயர்க்கட்டை உலுக்கினேன்,
டிக்கிக் கீலை நூறு தரம் திறந்து மூடினேன்,
ரப்பர் சுத்தியலால் பம்பரைத் தட்டினேன்.
டாக்டர் முன்னால் வலி மறந்த நோயாளி மாதிரி
நின்றது வண்டி.

நான்காம் நாள்
அந்தச் சுற்றின் பல்புகளையெல்லாம் கழற்றினேன்.
ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பைத் தொங்கவிட்டேன்.
எங்காவது ஒயர் உடம்பைத் தொட்டால் இது எரியும்,
தொடாத வரை இருட்டு.
இருட்டாகவே இருந்தது.
பசித்தது. காற்றுக்கு ஒதுங்கிப்
பின் சீட்டின் இடது மூலையில் உட்கார்ந்து
லோபியானியைப் பிய்த்தேன்.

எரியுது! என்றான் முன்னால் இருந்து.
எழுந்தேன்.
அணைஞ்சிடுச்சு.
உட்கார்ந்தேன்.
எரியுது.

பக்கத்து ஷெட் மாமுக்கா எட்டிப் பார்த்தபோது
ஐம்பத்திரண்டு வயது மரேகி
கையில் ரொட்டியோடு காருக்குள்
தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தேன்.
என்ன வேண்டுதல் என்றான்.
ஷார்ட் சர்க்யூட் என்றேன்.

மூன்று நாளும் காலி வண்டியைச் சோதித்திருக்கிறேன்.
முட்டாள்.
அவன் முதல் நாளே சொன்னான், சவாரி ஏறினால் என்று.
நான் ஆம்பியரை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சீட்டைத் தூக்கினோம்.
வெள்ளம் வடிந்து கார்ப்பெட்டை உலர்த்திய எவனோ
திரும்பப் பூட்டும்போது
ஒயர்க்கட்டை அதன் பள்ளத்தில் படுக்கவைக்கவில்லை.
ஸ்பிரிங் ஒவ்வொரு பயணியோடும் இறங்கி
ஒரே ஒயரைக் கடித்துக் கடித்து
தோலை உரித்திருந்தது.
சுற்றிலும் மாவு மாதிரி வண்டல்.
அதில் ஒரு கொட்டை,
நம் வால்நட்டுக்கு ஒல்லியான தம்பி போல.
பெயர் தெரியவில்லை. ட்சோட்னே முகர்ந்து பார்த்துப்
பைக்குள் போட்டுக்கொண்டான்.

வெட்டி, சேர்த்து, ஸ்லீவ் போட்டு,
பள்ளத்தில் அழுத்திக் கட்டினேன்.
பல்புகள் வீடு திரும்பின.
சிவப்பு ஃபியூஸ்.
பச்சையை என் டப்பாவில் பூட்டினேன்,
திருப்பிக் கேட்டான், தரவில்லை.

இருட்டும்வரை காத்திருந்து
இடது மூலையில் நான் ஏறிக்கொண்டேன்.
புனிதர்களுக்கு முகம் வந்திருந்தது.
தெருமுனையில் வேகம் குறைத்து,
கண்ணாடியில் என்னைப் பார்த்து,
பழக்கதோஷத்தில் கேட்டான்:
எங்கே போகணும்?

நல்லாக் குண்டும் குழியுமா
ஒரு ரோடு பார்த்துப் போ.